பொய் சொல்லாத மலையின் அடிவாரத்தில்

2024 மே மாதத்தில், ஜப்பானின் வடதீவான ஹொக்கைடோவில் தோயா ஏரிக்கு அருகே, கைவிடப்பட்ட ஒரு மழலையர் பள்ளியின் முன்னால் நெடுநேரம் நின்றிருந்தேன். எரிமலை வீசிய கற்கள் துளைத்த ஓட்டைகள் அதன் கூரையிலும் சுவரிலும் அப்படியே இருந்தன. முற்றத்தில் குழந்தைகள் ஏறி விளையாடிய கம்பிச் சட்டங்கள் துருவேறி நின்றன. 2000ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி பகல் 1.07 மணிக்கு உசு மலையின் மேற்கு அடிவாரம் வெடித்தபோது அந்தப் பள்ளியில் ஒரு குழந்தையும் இல்லை. அங்கு மட்டுமன்று, அபாயப் பகுதி முழுவதிலுமிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். வெடிப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நான் நாகப்பட்டினத்தில் பள்ளிப் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் தெருவுக்குள் வந்தது. வீடு நின்றது, சுவரில் மட்டும் ஓர் ஆள் மார்பளவுக்குச் சேற்றுக் கறை படிந்திருந்தது. 2006 பொங்கலுக்கு அந்தக் கறையின் மேல் நாங்களே வெள்ளையடித்தோம். அந்தச் சுவரைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றிருந்த காலம் அது. அதைத் தவறென்று அன்று எங்களில் எவரும் நினைக்கவில்லை. மகன் சப்போரோ நகரில் வேலை செய்வதால் ஹொக்கைடோ செல்லும் வாய்ப்புக் கிடைத்தது. தோயா–உசு யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காவை, அதாவது சிறப்பான நிலவியலைக் காத்து மக்களுக்குக் கற்பிக்கும் நிலப்பகுதியை, பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவனை இரண்டு நாள் விடுப்பு எடுக்கவைத்தேன். வெகுகாலம் பாடப்புத்தகத்தில் படமாக மட்டும் காட்டிவந்த ஒரு பொருளைக் கண்ணால் பார்த்ததைப் பற்றியும், புவித்தட்டுகள் மோதிக்கொண்டேயிருக்கும் ஒரு நிலத்தில் புவிப்பூங்கா என்ற ஒன்றை எப்படி உருவாக்கினார்கள் என்பதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். பசிபிக் தட்டு ஹொக்கைடோவின் அடியில் இடைவிடாமல் அமிழ்ந்து செல்கிறது. அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைத் தாழ்த்துவதால் அங்கே பாறைக்குழம்பு உருவாகி மேலெழுகிறது. ஏறத்தாழ 1,10,000 ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்த மாபெரும் வெடிப்பில் உள்ளிருந்த பாறைக்குழம்பு வெளியேறி, மேல்நிலம் சரிந்து உண்டான பள்ளமே இன்றைய தோயா ஏரி. ஏறக்குறைய வட்டமாக, பத்துக் கிலோமீட்டர் விட்டத்தில், மிக ஆழமான இடத்தில் 180 மீட்டர் அளவுக்கு இறங்கும் ஏரி அது. அதன் நடுவில் இருக்கும் நாகாஜிமா தீவும் பிற்காலத்தில் எழுந்த எரிமலைக் குன்றுகளே. ஏரியின் தென்விளிம்பில் இன்னும் பிற்பட்ட காலத்தில் பிறந்த 733 மீட்டர் உயரமுள்ள உசு மலைதான் இந்தக் கதையின் நாயகன்.

உசுவின் குழம்பு சிலிகா மிகுந்தது, பாகுபோல் கெட்டியானது. எளிதாக வழிந்தோட முடியாத அந்தக் குழம்பு நிலத்தைக் கீழிருந்து முட்டி உயர்த்துகிறது. முட்டும்போது பாறைகள் உடைவதால், வெடிப்புக்கு முன்பே நிலநடுக்கங்கள் நூற்றுக்கணக்கில் உணரப்படுகின்றன. அதனால்தான் ஜப்பானியர்கள் இதைப் ‘பொய் சொல்லாத மலை’ என்கிறார்கள். 1663இல் நீண்ட உறக்கத்திலிருந்து விழித்த இந்த மலை 1769, 1822, 1853, 1910, 1943–45, 1977–78, 2000 ஆகிய ஆண்டுகளில் வெடித்திருக்கிறது. 1822இல் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்து மலைச்சரிவில் பாய்ந்த வெள்ளம், கடற்கரையோரம் இருந்த ஒரு கிராமத்தையே எரித்தது. கடைசி நான்கு வெடிப்புகளுக்கு இடையிலான காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: இருபதிலிருந்து முப்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டும் இடைவெளி அது. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் இரண்டு முறையாவது, சிலர் மூன்று முறையும், இந்த மலை வெடிப்பதைப் பார்த்துவிட முடியும். இந்த இடைவெளியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அங்கே புவிப்பூங்கா எதற்காக என்பது விளங்கும்.

1910 ஜூலையில் நடுக்கங்கள் தொடங்கியபோது, முரோரான் நகரக் காவல்துறைத் தலைவர் சுமார் 15,000 மக்களை வெடிப்புக்கு முன்பே வெளியேற்றினார். வெடிப்பு தொடங்கியபின் டோக்கியோவிலிருந்து நிலநடுக்க அறிஞர் ஓமோரி ஃபுசாகிச்சி பதிவுக் கருவிகளோடு வந்து சேர்ந்தார். அவருடைய குழுவுக்கு வழிகாட்டி உதவியவர்களில் ஒருவர், இருபது வயதைச் சற்றே கடந்த உள்ளூர் அஞ்சல் ஊழியர் மிமாட்சு மசாவோ. எந்தப் பல்கலைக்கழகத்திலும் எரிமலை படிக்காத அந்த இளைஞர், ஓமோரி அளப்பதையும் குறிப்பதையும் அருகிலிருந்து பார்த்தார். அன்று கற்ற பழக்கம் முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

1943 டிசம்பர் 28 அன்று மீண்டும் நிலம் நடுங்கத் தொடங்கியபோது, மிமாட்சு சோபெட்சு அஞ்சலக அதிகாரியாக இருந்தார். உசுவின் கிழக்கு அடிவாரத்தில் இருந்த கோதுமை வயல் மெல்ல மெல்ல உயர்ந்தது, வீடுகள் சாய்ந்தன, ரயில் பாதை தூக்கப்பட்டது. 1944 ஜூனில் வெடிப்பு தொடங்கியது. பிறகு, உயர்ந்த நிலத்தைப் பிளந்துகொண்டு கெட்டிக் குழம்பே ஒரு கோபுரமாக மேலெழுந்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. மக்களின் மனவுறுதி குலையும் என்று செய்தியை வெளியிடாமல் அரசு மறைத்தது. ஆய்வாளர்களும் பெரும்பாலும் வர இயலவில்லை. புகைப்படச் சுருளும் கிடைக்கவில்லை. மிமாட்சு தம் அஞ்சலகத்தின் பின்புறம் தாடையை ஊன்றிப் பார்ப்பதற்கு நிலையான ஒரு தாங்கியை அமைத்தார். கண்ணுக்கு எதிரே கிடைமட்டமாகக் கயிறுகளைக் கட்டினார். தாடையை அதே இடத்தில் பதித்து, கயிறுகளை அளவுகோலாகக் கொண்டு, வளரும் மலையின் விளிம்புக்கோட்டைத் தொடர்ந்து வரைந்துவந்தார். 1945 செப்டம்பரில் வளர்ச்சி நின்றபோது, இன்று கடல்மட்டத்திலிருந்து 398 மீட்டர் உயரத்தில் நிற்கும் மலை அங்கே உருவாகியிருந்தது. ஷோவா ஷின்சான், அதாவது ஷோவா எனப்பட்ட அன்றைய பேரரசரின் ஆட்சிக்காலத்துப் புதுமலை, என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அவருடைய வரைபடம் 1948இல் நார்வேயின் ஆஸ்லோவில் நடந்த எரிமலை அறிஞர் மாநாட்டில் முன்வைக்கப்பட்டு, ‘மிமாட்சு வரைபடம்’ என்றே பெயர் பெற்றது.

அந்த வரைபடத்தை வகுப்பில் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் செய்ததை அங்கே போன பின்புதான் முழுமையாக உணர்ந்தேன். வயல்களை இழந்த உழவர்களுக்கு அந்தப் பாறைக் குவியலால் எந்தப் பயனும் இல்லை. கந்தகம் தோண்டுவோர் அதைச் சிதைத்துவிடவும் கூடும். 1946இல் மிமாட்சு தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அந்த மலை நின்ற நிலத்தை வாங்கினார். 1951இல் அது தேசிய இயற்கை நினைவுச்சின்னமாகவும், 1957இல் அதற்கும் மேற்பட்ட சிறப்புத் தகுதியுடையதாகவும் அறிவிக்கப்பட்டது. செங்கல் நிறத்தில், இன்றும் ஆங்காங்கே ஆவி கசிய நிற்கும் அந்த மலையைக் கீழிருந்து பார்த்தபோது, இந்தப் புவிப்பூங்காவின் கால்கோள் விழா, அது உலகப் புவிப்பூங்காவாக ஏற்கப்பட்ட 2009இல் அல்ல, 1946இலேயே நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. வயலின் அடியில் வெந்த மண்ணே அந்தச் செந்நிறத்தைத் தந்தது என்று வழிகாட்டி விளக்கினார். சூளையில் செங்கல் வேகும் அதே முறைதான்.

இதற்கிடையே, 1910 வெடிப்பின் வெப்பத்தால் ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றுகள் சுரந்தன. 1917இல் அவை கண்டறியப்பட்டதும் விடுதிகள் வந்தன. ஒரு சுற்றுலா ஊரே உருவானது. எரிமலையால் வாழும் ஊர், எரிமலையின் அபாயத்தைப் பேசத் தயங்கியதில் வியப்பில்லை. 1977 ஆகஸ்டில், கோடைச் சுற்றுலா உச்சத்தில் இருந்தபோது, முதல் நடுக்கங்களுக்கு ஏறத்தாழ முப்பத்திரண்டு மணி நேரத்தில் மலையுச்சி வெடித்தது. சாம்பல் 12,000 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. மறுஆண்டு அக்டோபரில் மழையோடு இறங்கிய சேற்றுப்பெருக்கில் மூவரை இழந்தார்கள். ஆனாலும் ‘அபாய வரைபடம்’ என்ற சொல்லையே விடுதிகளும் நிலம் விற்போரும் அஞ்சினார்கள். எங்கெங்கே சேறு வரும், எங்கெங்கே கொதிசாம்பல் பாயும் என்று வண்ணமிட்டு அச்சிட்டால் யார் அங்கே தங்க வருவார்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியை அற்பமானதென்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கடற்கரையில் மீன் விற்றுப் பிழைக்கும் எங்கள் மக்களும் 2005இல் ஏறத்தாழ இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அந்தத் தயக்கத்தை உடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையத்தில் இருந்த பேராசிரியர் ஒகாடா ஹிரோமு, மலையை அளப்பதோடு நிற்காமல் மேயர்களிடமும் விடுதி உரிமையாளர்களிடமும் பள்ளிகளிலும் பேசிக்கொண்டேயிருந்தார். ஒரு குடும்பத்துக்கு வாய்த்த மருத்துவரைப்போல இந்த மலைக்கு அவர் என்று ஊரார் சொல்வது வழக்கம். குழந்தைகளை மலைக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் வகுப்புகள் 1980களில் தொடங்கின. கடைசியில் 1995இல் அபாய வரைபடம் அச்சாகி வீடுதோறும் சென்று சேர்ந்தது.

ஐந்தே ஆண்டுகளில் அது தேவைப்பட்டது. 2000 மார்ச் 27 அன்று நடுக்கங்கள் தொடங்கின. 29ஆம் தேதி, சில நாட்களுக்குள் வெடிக்கும் வாய்ப்பு மிகுதி என்று வானிலை முகமை அறிவித்தது. வெடித்த பிறகு சொல்லாமல், வெடிப்பதற்கு முன்பே அவசரத் தகவல் வெளியிட்டு ஊர்களைக் காலி செய்யவைத்தது ஜப்பானின் எரிமலை வரலாற்றில் பெருந்திருப்பம். எந்தத் தெரு மக்கள் எங்கே செல்ல வேண்டும் என்பது வரைபடத்தில் ஏற்கெனவே இருந்தது. வயதானவர்களுக்கு 1977 நினைவில் இருந்தது. 31ஆம் தேதி நிலம் பிளந்தபோது, தேசிய நெடுஞ்சாலை 230இன் மேலும் அருகிலும் புதுப்புது எரிமலை வாய்கள் திறந்தன. அடுத்தடுத்த நாட்களில் மொத்தம் 65 வாய்கள் உருவாயின. நிஷியாமா பகுதியில் நிலம் சுமார் 70 மீட்டர் உயர்ந்தது. கொன்பிரா வாய்களிலிருந்து இறங்கிய வெந்நீர்ச் சேறு ஒரு பாலத்தையே பெயர்த்து இழுத்துவந்து அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் மேல் மோதியது; ஊர்ப் பொதுக் குளியலகத்தைப் புதைத்தது.

இங்கேதான், ஒரு புவிப்பூங்காவைப் பிறப்பித்த முடிவு எடுக்கப்பட்டது. உடைந்த நெடுஞ்சாலையை அங்கிருந்து அகற்றவில்லை. அது படிக்கட்டுப் படிக்கட்டாகப் பிளந்து, உயர்ந்த நிலம் தடுத்த நீரில் ஒரு குளமாக மூழ்கிக் கிடப்பது இன்றும் தெரிகிறது. பெயர்ந்த பாலமும், தரைத்தளம் புதைந்த குடியிருப்பும், ஓட்டை விழுந்த மழலையர் பள்ளியும், ஒருபுறம் உடைந்த சிற்றுண்டித் தொழிற்சாலையும் விட்டுவைக்கப்பட்டன. அவற்றினூடே மரப்பலகை நடைபாதைகள் போடப்பட்டன. பாதையின் ஓரிடத்தில் வழிகாட்டி என்னைக் குனிந்து மண்ணைத் தொடச் சொன்னார், இளஞ்சூடாக இருந்தது. இடிந்ததை அகற்றுவது எளிது. அதற்கு நிவாரண நிதியும் கிடைக்கும். இடிந்ததை அப்படியே விட்டுவைக்க வேண்டுமானால், அந்த வீட்டில் வாழ்ந்தவர்களின் வருத்தத்தையும் கேட்டு, அவர்களின் இசைவையும் பெற்றாக வேண்டும். எல்லாரும் உடனே இசைந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஏரியைச் சுற்றிய பகுதி முழுவதையும் கூரையில்லாத ஓர் அருங்காட்சியகமாகக் கருதும் திட்டம் அந்த வெடிப்புக்குப் பின் விரிவடைந்தது. டாடே நகரும், தோயாகோ, சோபெட்சு, டொயோவுரா ஆகிய மூன்று ஊராட்சிகளும் சேர்ந்து ஒரு மன்றம் அமைத்தன. 2008இல் ‘எரிமலை மைஸ்டர்’ என்ற முறை வந்தது. மலையின் இயல்பையும் வரலாற்றையும் கற்று, தேர்வில் தேறி, பிறருக்கு விளக்கும் தகுதி பெற்ற உள்ளூர் மக்கள் இவர்கள். விடுதி ஊழியர், உழவர், ஆசிரியர், இல்லத்தரசி எனப் பலரும் இதில் உண்டு. 2009 ஆகஸ்டில் இட்டோயிகாவா, உன்சென் ஆகியவற்றோடு சேர்ந்து, ஜப்பானின் முதல் மூன்று உலகப் புவிப்பூங்காக்களுள் ஒன்றாகத் தோயா–உசு ஏற்கப்பட்டது. 2015 நவம்பரில் யுனெஸ்கோ இதைத் தன் முறையான திட்டமாக்கியபோது அந்தப் பெயரும் சேர்ந்தது. உன்சென் எரிமலையில் 1991 ஜூன் 3 அன்று 43 பேர் இறந்தார்கள்; அங்கேயும் எரிந்த பள்ளியும் புதைந்த வீடுகளும் காக்கப்படுகின்றன. இரண்டு பூங்காக்களும் ஒரே நாளில் ஏற்கப்பட்டதை நான் தற்செயலாகக் கொள்ளவில்லை.

இந்த ஏரி 1949 முதலே ஒரு தேசியப் பூங்காவின் பகுதி. அப்படியிருக்கப் புவிப்பூங்கா எதற்கு என்று மகன் கேட்டான். நல்ல கேள்விதான். தேசியப் பூங்கா சட்டத்தின் துணையோடு நிலத்தில் எதைச் செய்யக்கூடாது என்று வரையறுக்கிறது. புவிப்பூங்காவுக்கு அப்படித் தனிச்சட்டம் ஏதுமில்லை. இருக்கும் பாதுகாப்புச் சட்டங்களைச் சார்ந்துதான் நிற்கிறது. அது கேட்பது வேறு: உலக அளவில் சிறப்புடைய நிலவியல், சட்ட அங்கீகாரம் உள்ள நிர்வாக அமைப்பு, அங்கே வாழும் மக்களின் பங்கு, இடைவிடாத கல்விப்பணி. பாறையோ புதைபடிவமோ விற்பதில் நிர்வாகம் நேரடியாக ஈடுபடக் கூடாது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர்கள் வந்து பார்ப்பார்கள். குறை இருந்தால் மஞ்சள் அட்டை. இரண்டு ஆண்டுகளில் சரிசெய்யாவிட்டால் தகுதியே போய்விடும். ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் தெற்காசியா வரை சாம்பலைப் பரப்பிய மாபெரும் வெடிப்பின் தடமான இந்தோனேசியாவின் தோபா ஏரிக்கே 2023இல் மஞ்சள் அட்டை விழுந்தது. எரிமலையின் பெருமைக்கு மதிப்பெண் இல்லை. அதைச் சுற்றி மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதற்கே மதிப்பெண்.

அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதினால் அது உண்மையாகாது. 2000இல் சாம்பல் மூடிய வெட்டவெளியாக இருந்த சரிவுகளில் இப்போது மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. சில வாய்கள் இலைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மரத்தை வெட்டி வாயைக் காட்டுவதா, காடு மீள்வதே ஒரு பாடம் என்று விடுவதா என்ற கேள்விக்கு எளிய விடையில்லை. கைவிடப்பட்ட கட்டடங்கள் பனியிலும் மழையிலும் சிதைகின்றன. அவற்றைச் செப்பனிட்டால் சான்று மாறும், விட்டால் விழும். விடுதிகளும் அதே ஏரிக்கரையில்தான் இருக்கின்றன. பள்ளியைத் தள்ளி இடம் மாற்றினார்கள், ஊரை மாற்றவில்லை. வெந்நீர் இருக்கும் இடத்தில்தானே வாழ்வும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2000க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போகிறார்கள். முந்தைய இடைவெளிகளை வைத்துப் பார்த்தால் அடுத்த வெடிப்பை எதிர்கொள்ளப்போகிறவர்கள் அவர்களே. அவர்களிடம் நினைவு இல்லை, நடைபாதை மட்டுமே இருக்கிறது. இரண்டு வெடிப்புகளுக்கு இடையிலான மறதியைத் தாண்டி ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்கும் ஓடம் என்றே நான் இந்தப் பூங்காவைப் புரிந்துகொள்கிறேன். ஓடத்தை வெடிப்பு வரும் நாளில் கட்ட முடியாது.

இந்த நிலத்தில் மனிதர்கள் தங்கிவிட்டதும் நேற்றைய கதையன்று. கடற்கரையோரம் இரியே என்னும் இடத்தில் உள்ள, ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய ஜோமோன் காலத்தைச் சேர்ந்த கிளிஞ்சல் மேடு, 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட தொகுதியில் ஒன்று. கைகால் எலும்புகள் மெலிந்து, நடக்க இயலாமல் வாழ்ந்த ஒருவரின் எலும்புக்கூடு அங்கே கிடைத்தது. பிறர் ஊட்டிப் பேணியிராவிட்டால் அவர் வளர்ந்த மனிதராகியிருக்க முடியாது. புவிப்பூங்காவில் பாறைக்கு இணையாக இந்தக் கதையையும் சொல்கிறார்கள். அதை நான் மிகவும் விரும்பினேன்.

நம் நாட்டைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். 2025இல் உலகில் 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ புவிப்பூங்காக்கள் இருந்தன, இந்தியாவில் ஒன்றுமில்லை. திருவக்கரையின் கல்மரங்களைப்போல நிலவியல் நினைவிடங்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அவை வேலியிட்டுக் காக்கும் இடங்களே. தட்டுகள் உரசும் உயிருள்ள நிலம் நமக்கு அந்தமானில் இருக்கிறது. 1991இல் மீண்டும் விழித்த பாரன் (Barren) தீவு எரிமலையும், 2004 ஆழிப்பேரலையைக் கிளப்பிய நிலநடுக்கமும் ஒரே தட்டு அமிழ்வின் இரு முகங்கள். பாரன் தீவில் மக்கள் இல்லை. ஆகவே அது மட்டும் புவிப்பூங்கா ஆகாது. ஆனால், அந்த நிலநடுக்கத்தில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போன, நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையும், அத்தீவுகளின் மக்களும் சேர்ந்தால் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. அதை அவர்களே சொல்ல முன்வர வேண்டும். வெளியிலிருந்து திணித்தால் அது வெறும் பெயர்ப்பலகையாக முடியும்.

மழலையர் பள்ளியின் முன்னால் எங்களுக்கு விளக்கிய மைஸ்டர், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். 2000இல் ஏரிக்கரை விடுதியொன்றில் வேலை பார்த்தவராம். நான் எந்த ஊர் என்று மகன் சொன்னதும், தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டார். பள்ளிச் சுவரின் அருகே சென்று, என் மார்பளவில் கையை வைத்துக் காட்டினேன். அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தரையிலிருந்து அளந்தார். 1 மீட்டர் 20 சென்டிமீட்டர். அதைத் தேதியோடும் ஊர்ப் பெயரோடும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, உங்கள் ஊரில் அந்த அடையாளம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வெள்ளையடித்துவிட்டோம் என்று சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள், வாசல் சுவரில் 1 மீட்டர் 20 சென்டிமீட்டர் உயரத்தில் கருப்பு வண்ணத்தால் ஒரு கோடு போட்டு, அதன் கீழே 26.12.2004 என்று எழுதினேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் வந்து, ‘அது என்ன டீச்சர்?’ என்று கேட்டார்கள்.